சவர்க்காரம் அடைத்த கூரை

கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கணக்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் சிலேட்டை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, அதை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?" என்று அதட்டினேன்.

முன்வரிசையில் இருந்த செல்லம்மா எழுந்து நின்றாள். "டீச்சர், எனக்கு அஞ்சு காசு விழுந்திருக்கு. இவளுக்கு ரெண்டுதான்."

அவள் சிலேட்டில் ஐந்து வெளிச்சப் பொட்டுகள். கூரையிலிருந்து வெயில் வட்ட வட்டமாக இறங்கி, பிள்ளைகளின் தலையிலும் தோளிலும் தரையிலும் சிதறிக் கிடந்தது. அந்த வட்டங்களுக்குப் பிள்ளைகள் காசு என்று பெயர் வைத்திருந்தார்கள். சிலேட்டில் அதிகம் காசு பிடித்தவருக்கு வெற்றி.

நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க ஆணித் துளைகள். அது அரசாங்கப் பணத்தில் அப்போதுதான் புதுப்பிக்கப்பட்ட கூரை. போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாய்ப்பாடே மறந்துபோயிற்று.

நான் அங்கே போன கதை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் கோபம் பழக்கமாகியிருக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் அருளம்மா. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவரின் மகள். கன்னியாஸ்திரிகளிடம் படித்து டீச்சரானேன். வாய் மட்டும் தோட்டத்து வாய். அதைச் சகோதரிகளால் கடைசிவரை திருத்த முடியவில்லை.

தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையில் ஒரு தோட்டத்தின் எல்லைக்குள் அரசாங்கம் எடுத்து நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நானும் அம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு போய் இறங்கினோம். ஆசிரியர் விடுதி என்று ஒன்றும் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தொங்கல் காம்பராவைத் தோட்டம் கொடுத்தது. தொங்கல் என்றால் வரிசையின் கடைசி அறை. காற்று மூன்று பக்கமும் வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

பக்கத்துக் காம்பரா காளியம்மா அக்காவினுடையது. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் குரல். கோயில் திருவிழாவில் கரகம் எடுப்பவரும் அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் ராமசாமி அண்ணன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். வீட்டுக்குள் யார் தலைவர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் மாலையே அக்கா ஒரு சட்டி கீரையோடு வந்து நின்றார். "டீச்சர், நீங்க வேதக்காரங்களாமே? கீரை சாப்புடுவீங்கதானே?" என்று கேட்டார். மாதாவைக் கும்பிடுகிறவர்களும் கீரை சாப்பிடலாம் என்று சொன்னேன். அதிலிருந்து அம்மாவும் அவரும் ஒரே அடுப்புதான்.

பீலித் தண்ணீர் சிவந்தது

பழைய கூரை ஓட்டைதான். அதை யாரும் மறுக்கவில்லை. அரசாங்கம் புதுத் தகரத்துக்குப் பணம் ஒதுக்கியது. லொறியில் தகரம் வந்தபோது கடைவீதியே நின்று பார்த்தது. கண் கூசும் வெள்ளித் தகரம். அன்று சம்பள நாள் என்பதால் தோட்டத்துச் சனமெல்லாம் பஜாரில்தான் இருந்தது. பார்க்காதவர் பாவம் செய்தவர்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது கூரை சிவப்பாக இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க வர்ணம் அடித்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு அழகாயிருக்கிறது என்றோம்.

ஐப்பசி மழை வந்தது. கூரையிலிருந்து பிள்ளைகள் மேல் சிவப்புச் சிவப்பாகச் சொட்டியது. வெள்ளைச் சட்டைகள் செம்மண்ணில் புரண்ட மாதிரி ஆயின. மறுநாள் பீலியடியில் பெண்கள் துணி துவைக்க, மலையிலிருந்து மூங்கில் வழியாக இறங்கும் அந்தத் தெளிந்த தண்ணீர் கல்லடியில் சிவந்து ஓடியது. காளியம்மா அக்கா ஈரக் கையோடு என் காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இது பெயின்டு இல்ல. காவி. எங்க கோயிலு செவுத்துக்கு அடிக்கிறோமே, அதே காவிக்கல்லு. தண்ணில கரைச்சு அடிச்சிருக்காங்க."

மழை காவியைக் கழுவிய பிறகு உள்ளிருந்தது வெளியே வந்தது. பழைய, துருவேறிய தகரம். ஏதோ இடிந்துபோன தொழிற்சாலையின் கூரை. ஒவ்வொரு தகரத்திலும் பழைய ஆணித் துளைகள்.

அப்படியானால் புதுத் தகரம் எங்கே? அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஜாரில் தலைமையாசிரியரின் கூட்டாளியான கடை முதலாளி புதிதாகக் கட்டிய சரக்குக் கிடங்கின் மேல் அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

நான் தலைமையாசிரியரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், நீங்க எழுத்துச் சொல்லிக் குடுங்க. கூரையப் பாக்க வேற ஆளிருக்கு."

போன மனு திரும்பி வந்தது

கல்விக் கந்தோருக்கு, அதாவது கல்வி அலுவலகத்துக்கு, மனு எழுதினேன். மொட்டைக் கடிதம் எழுது என்று அம்மா கெஞ்சினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் பெயரைப் போட்டேன், கையெழுத்தும் வைத்தேன். அரசாங்கத்துக்குப் போகிற உண்மையை அரசாங்கம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று நினைத்த வயது அது.

தை மாதம் ஒரு காலையில் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் மனு கிடந்தது. அதே தாள், அதே மை, மூலையில் என் கைபட்டுச் சிந்திய அதே தேநீர்க் கறை. கந்தோரில் யாரோ ஒரு புண்ணியவான், "விளக்கம் தரவும்" என்று எழுதி, யார் மேல் முறைப்பாடோ அவருக்கே அனுப்பிவைத்திருந்தார்.

எனக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துபோயிற்று. நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு, ஆனால் அந்தக் குளிர் வேறு.

"கையெழுத்து அழகா இருக்கு," என்றார் அவர். "விளக்கம் எழுதிட்டேன். கூரையில ஒரு கொறையும் இல்ல, டீச்சருக்கு என் மேல மனஸ்தாபம், சந்தேகம்னா வந்து பாத்துக்கங்கன்னு எழுதியிருக்கேன். வெயில் காலந்தானே, வரட்டுமே."

மாசிக் கடைசியில் எனக்கு இடமாற்றக் கட்டளை வந்தது. தீவின் மறுகோடியில், பெயரைக்கூட நான் கேள்விப்பட்டிராத ஓர் ஊர். குறித்த நாளில் அங்கே போய் வேலை ஏற்காவிட்டால் பதவி போகும்.

போயிருக்கலாமே என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். நான் போய்விட்டால் விசாரணைக்கு வருகிறவரிடம் கூரையைக் காட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? கொழுந்தெடுப்பவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ளும் பேனா அந்தக் காலத்தில் எந்தக் கந்தோரிலும் இல்லை. மனுக் கொடுத்தவளே ஓடிவிட்டாள் என்று எழுதி விசாரணையையே மூடிவிடுவார்கள். மழை வந்தால் பிள்ளைகள் மறுபடி நனைவார்கள்.

போகாமல் இருந்தாலோ வேலை போகும். அம்மாவும் நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். அதைவிட ஒரு பெரிய பயம் இருந்தது. எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமை பறிபோயிருந்த காலம். நாங்களும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். "வேலையும் இல்லாத ஆளுக்கு எந்த நாடு டீச்சர் உரிமை குடுக்கும்?" என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி எத்தனையோ சாமியார்கள் சொல்லியும் முடியவில்லை.

வேதக்காரிக்குக் காப்பு

கட்டளை வந்த அன்று மாலை நான் தகரப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா மூலையில் செபமாலை உருட்டினாள். காளியம்மா அக்கா கூடையைக்கூட இறக்கிவைக்காமல் உள்ளே வந்தார்.

"பெட்டிய மூடுங்க டீச்சர்."

"அக்கா, கட்டளை வந்திருச்சு. போகாட்டி வேலை போயிரும்."

"வெள்ளிக்கெழம ஆத்தாவுக்குக் காப்புக் கட்டுறோம். நீங்களும் கட்டிக்கங்க."

நான் முதலில் அவர் வேடிக்கை பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வாசகர்களில் நகரத்துக்காரர்கள் இருப்பார்கள், ஆகவே சொல்கிறேன். எங்கள் மலைநாட்டில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காப்பை அவிழ்க்கும் நாள்வரை எல்லைக்குள்தான் இருப்பு. அவர்களைத் தனியாகவும் விடமாட்டார்கள். யாராவது ஒருவர் கூடவே இருப்பார். அவர்களை ஒருவன் வைதால் தோட்டத்தையே வைத மாதிரி. எல்லையைத் தாண்ட வைத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். ஆத்தா கோபித்துக்கொண்டால் லயமெல்லாம் அம்மை போடும் என்று பயம். இது தோட்டத்தை நடத்தும் பெரிய தொரைக்கும் தெரியும். காப்புக் கட்டிய ஆளை வெளிவேலைக்கு அனுப்ப வேலையை மேற்பார்க்கும் எந்தக் கண்டாக்கும் துணியமாட்டார்.

"நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவ அக்கா. எனக்கு எப்படி…"

"ஆத்தா உங்ககிட்ட ஞானஸ்நானச் சீட்டா கேக்கப் போறா?"

அம்மாவைப் பார்த்தேன். அவளும் திகைத்துப்போய்த்தான் இருந்தாள். பிறகு செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "மாதா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ கட்டிக்கோ," என்றாள்.

வெள்ளிக்கிழமை காளியம்மா அக்காவுக்கு அடுத்ததாக நான் கோயில் வாசலில் நின்றேன். பூசாரி மஞ்சள் துண்டு கட்டிய நூலோடு வந்தவர், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கினார். "கட்டுங்க சாமி, நேரமாவுது," என்றார் அக்கா. கட்டிவிட்டார். மஞ்சள் நூலின் ஈரம் மணிக்கட்டில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தி என்று சொல்ல மாட்டேன். எனக்காக ஒரு கூட்டமே நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை சமய அனுஷ்டானத்துக்கு விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் வாசித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். "வேதக்காரிக்கு மாரியம்மன் காப்பா?" என்றார். பொய் சொல்லிக் கட்டளையை மீறுகிறாள் என்று கந்தோருக்கு எழுதிப் போட்டார். ஆகவே காப்பு என்னைத் தோட்டத்துக்குள் வைத்தது, வேலையைக் காப்பாற்றவில்லை. குறித்த நாள் வந்தது, போயிற்று. நான் போகவில்லை.

செருப்பைக் கழற்றிய சண்டியர்

அதற்குப் பிறகு கடை முதலாளி இரண்டு ஆட்களை அனுப்பினார். விளக்கேற்றும் நேரம். வாசலில் நிழல் விழ, நிமிர்ந்து பார்த்தேன். தோளில் துவாய் போட்ட இரண்டு பெரிய மீசைகள்.

"டீச்சர் பெட்டி படுக்கையக் கட்டுறீங்களா, நாங்க கட்டணுமா?" என்றது ஒரு மீசை.

அம்மா எழுந்து எனக்கு முன்னால் நின்றாள். ஆனால் அவளுக்குப் பின்னால், அடுப்பைச் சுற்றி, காளியம்மா அக்காவும் காப்புக் கட்டிய ஏழெட்டுப் பெண்களும் மாவிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உலக்கையை நிறுத்தவே இல்லை. இடித்தபடியே கேட்டார்:

"யாருப்பா அது? காப்புக் கட்டுன வீட்டுக்குள்ள செருப்போட?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் நூல் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. முதல் மீசை ஓர் அடி பின்வாங்கியது. இரண்டாவது மீசை குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது.

"தெரியாம வந்துட்டோம் ஆத்தா. எங்க வீட்டுலயும் சின்னப் புள்ளைங்க இருக்கு," என்றான் அவன். என்னைப் பார்த்து 'ஆத்தா' என்று சொன்னான்! எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவர்கள் கல்லு ரோட்டில் வெறுங்காலோடு இறங்கிப் போனதை லயமே வாசலில் நின்று பார்த்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு எனக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வெற்றிலைத் தட்டோடு ஒரு பயணம்

அன்று மாவிடித்தபடியேதான் அடுத்த யோசனை பிறந்தது. நான்தான் பேச்சை எடுத்தேன். கந்தோருக்கு எழுதுகிற மனு தலைமையாசிரியர் மேசைக்கே திரும்பி வருகிறது. மனுவாக இல்லாமல் வேறு எப்படி வித்தியாதரிசியை வரவழைப்பது? பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அந்த அதிகாரியை அப்போது அப்படித்தான் சொல்வோம்.

ஆட்கள் வந்த செய்தி கேட்டு வந்திருந்த ராமசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "திருவிழாவுக்குப் பெரிய மனுசங்களக் கூப்புடுறது வழக்கந்தானே. வெத்தல பாக்கு வச்சு அழைச்சா வராம இருப்பாங்களா?"

அவ்வளவுதான். அண்ணனும் கோயில் கமிட்டிக்காரர்களும் வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு தலவாக்கலையில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனார்கள். கந்தோர்ப் பக்கமே திரும்பவில்லை. நேராக வித்தியாதரிசியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கூரையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மஞ்சள் தண்ணீர் அன்று வந்து சிறப்பிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தட்டை நீட்டினார்கள்.

அவர் தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டாராம். "அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயம் பார்க்கவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்கிறேன்," என்றாராம்.

செய்தி தலைமையாசிரியருக்கும் எட்டியது. அவருக்கு ஒரே சந்தோஷம். மஞ்சள் தண்ணீர் அன்று சனமெல்லாம் கோயிலடியில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க ஓர் ஆள் இருக்காது, வானத்திலோ மேகம் இல்லை. கடையிலிருந்து மூட்டையாகச் சவர்க்காரம் வந்தது. துணி துவைக்கிற அந்த மஞ்சள் சவர்க்காரத்தைப் பிசைந்து ஓட்டைகளை அடைத்து, மேலே மறுபடி காவி பூசினார்கள். ஓட்டைக் குடத்துக்கு வீட்டில் நாமே செய்கிற வைத்தியம்தான். வெயிலுக்குத் தாங்கும்.

என் காம்பராவின் பின் ஜன்னல் வழியாக, அக்காவோடு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எனக்குள் ஒரு பிசாசு புகுந்தது. அக்காவின் காதில் ஒரு விஷயம் சொன்னேன். அக்கா மூக்கில் விரலை வைத்தார்.

"வேதக்காரங்க மனசுல இம்புட்டு வெசமமா!" என்றார்.

"தாராளமாகத் தெளியுங்கள்"

வித்தியாதரிசி வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையுமாக வந்தார். இளைத்த, அமைதியான மனிதர். தலைமையாசிரியர் அவரை வகுப்புக்குள் நடுவில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். நான் சுவரோரமாக நின்றேன். காப்புக் கட்டிய கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன்.

"ஒரு பொட்டு வெளிச்சம் வருதா பாருங்க சேர்," என்றார் தலைமையாசிரியர். "இதுக்குத்தான் இந்தப் பொண்ணு என் பேரக் கெடுத்துச்சு. கட்டளைய மீறி இன்னும் இங்கயே உக்காந்திருக்கு."

வித்தியாதரிசி கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏதும் சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்றார்.

"மழை பெய்யும்போது சொல்றேன் சேர்," என்றேன்.

அவர் முகத்தில் சலிப்பு வந்தது. பங்குனி வெயிலில் மழைக்கு எங்கே போவது? பேனாவைத் திறந்தார். அவர் எழுதப்போகும் வரியோடு என் வேலை முடிந்துவிடும். அக்கா ஏன் இன்னும் வரவில்லை?

அப்போது தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஊர்வலம் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சளாக, தலையில் வேப்பிலையோடு காளியம்மா அக்கா வாசலில் வந்து கைகூப்பினார்.

"ஐயா, வருசா வருசம் கோயிலு, லயம், தொழிற்சால, எல்லாக் கட்டடத்துக்கும் மஞ்சத்தண்ணி தெளிப்போம். இந்தப் பள்ளிக்கூடம் புதுக் கூர போட்டதுக்கப்பறம் இன்னும் தெளிக்கல. நம்ம புள்ளைங்க படிக்கிற எடம். தெளிக்கலாங்களா?"

வித்தியாதரிசி சிரித்தார். "நல்ல காரியம். தாராளமாகத் தெளியுங்கள்."

"வேணாம்!" என்று கத்தினார் தலைமையாசிரியர்.

கத்திய வேகத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. வித்தியாதரிசி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஏன்? தண்ணீர்தானே?"

தலைமையாசிரியர் குனிந்து கண்ணாடியைத் தேடினார். வித்தியாதரிசி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "தெளியுங்கள் அம்மா," என்றார் மறுபடியும்.

மலையை வெட்டிக் கட்டிய பள்ளிக்கூடம் அது. பின்னால் உள்ள மேட்டில் நின்றால் கூரை முழுவதும் காலடியில் கிடக்கும். பீலியும் அங்கேதான். அந்த மேட்டில் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். அக்கா தலையசைத்ததும் முதல் குடம் கவிழ்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு எண்ணுவதற்கு யாருக்கு நேரம்? பீலியிலிருந்து கைமாறிக் கைமாறிக் குடங்கள் வந்துகொண்டே இருந்தன. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்டுவிடும் கண்டாக்குவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குடம் வாங்கி ஊற்றினார்.

முதலில் ஒரே ஒரு துளி, தலைமையாசிரியரின் மேசையில். சிவப்பு. அதற்குப் பிறகு பத்து இடத்தில், நூறு இடத்தில். காவியும் மஞ்சளும் சவர்க்கார நுரையும் ஒன்றாகக் கலந்து, கொழகொழவென்று வகுப்பு முழுக்க இறங்கியது. வித்தியாதரிசியின் வெள்ளைக் கோட்டு ரோசாப்பூ நிறமாயிற்று. அவர் நகரவே இல்லை. தலையில் நுரையோடு அப்படியே அண்ணாந்து நின்றார். அவருடைய தோளில் பிசுபிசுப்பான ஒரு கட்டி விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தார்.

"சவர்க்காரம்," என்றார்.

தலைமையாசிரியர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் வழுக்கைத் தலையில் நுரை முட்டை முட்டையாக நின்றது. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். மேட்டிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது, மலை அதை வாங்கித் திருப்பித் தந்தது.

வித்தியாதரிசி என்னிடம் வந்தார். "மழை பெய்துவிட்டது. இப்போது சொல்லுங்கள்," என்றார்.

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த மனு யார் மேசைக்குத் திரும்பி வந்தது என்பதைச் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கூரைக்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை.

"இந்தப் பிள்ளை எங்கேயும் போகமாட்டாள்," என்று வாசலில் நின்ற சனத்திடம் சொன்னார். "இனி எழுத வேண்டியிருந்தால் என் கையில் கொடுக்கட்டும்."

மிச்சக் கதை

இடமாற்றம் ரத்தானது. அதே மறுகோடி ஊருக்குத் தலைமையாசிரியரைத்தான் அனுப்பினார்கள், விசாரணை முடியும்வரை அரைச் சம்பளத்தில். கடை முதலாளியின் கிடங்கிலிருந்து தகரங்களைக் கழற்றும் நாளில் பஜார் மறுபடி நின்று வேடிக்கை பார்த்தது. செருப்பைக் கழற்றிய அந்த மீசைக்காரன்தான் ஏணியில் நின்று முதல் ஆணியைப் பிடுங்கினான்.

எல்லை தாண்டாமல் இருந்து ஞாயிறு பூசையைத் தவறவிட்டதற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் மறைப்புக்கு அப்பாலிருந்து பொறுமையாகக் கேட்டார். நிறையச் செபம் விதித்தார். நான் எழுந்து போகும்போது, "அந்தச் சவர்க்காரம் தலையில விழுந்தது நிசந்தானா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

தண்ணீர் யோசனை ஆத்தாவே காளியம்மா அக்காவின் கனவில் வந்து சொன்னது என்று அந்தத் தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை. என் காதோரம் வந்து சொன்னது யாரென்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

வைகாசியில் மழை பிடித்தது. புதுத் தகரத்தின் மேல் விழுந்த முதல் மழை. அந்த இரைச்சலை இதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு துளி விழவில்லை. செல்லம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் உட்கார்ந்தாள்.

நான் வரவு இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே என் வாயசைவைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று, தாங்களும் வாயைப் பெரிதாகத் திறந்து, "இருக்கேன் டீச்சர்!" என்று கத்தினார்கள். எனக்கும் கேட்கவில்லை.

கடைசிப் பெயரும் முடிந்தது. இடாப்பை மூடினேன். அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு என் பெயரையும் நானே கூப்பிட்டேன்.

"அருளம்மா!"

"இருக்கேன்!" என்று கத்தினேன்.